விக்டர் டாங்கோ பாப்பா

காலை ஏழு மணி ஆனால் குருமூர்த்தி பெயர் கூப்பிட உட்கார்ந்துவிடுவான். வாத்தியார் வேலை இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் சூப்பர்வைசர். ஆனால் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிற பைத்தியங்கள் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் பதினாறு பேர் இருந்தார்கள். சட்டைப் பையில் போன் இருக்கும்போது வயர்லெஸ் செட்டு எதற்கு என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே, தினமும் காலையில் காற்றில் கூடி, உன் பக்கம் பனி எப்படி, டிபன் ஆச்சா என்று விசாரித்துக்கொள்ளும் கூட்டம். அதை நெட் என்பார்கள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவது குருமூர்த்தியின் பொறுப்பு. அவரவர் லைசென்ஸின் கடைசி மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், பதில் வந்துவிடும்.

ஏழாவது பெயர் வரும்போது மட்டும் அவன் குரல் ஒரு படி இறங்கும்.

"விக்டர் டாங்கோ பாப்பா."

பேசுகிற பட்டனை விட்டுவிட்டு எண்ணி ஐந்து வினாடி காத்திருப்பான். பதில் வராது. காற்றில் எழுத்து குழம்பாமலிருக்க வி, டி, பி என்பதை அப்படி நீட்டிச் சொல்வார்கள்; வி.டி.பி. என்றால் வேப்பனப்பள்ளி வெங்கடப்பன். அவர் செத்து நாலு வருஷம் ஆகிறது. ஐந்து வினாடி கழிந்ததும் அடுத்த பெயருக்குப் போவான்.

இந்த வழக்கத்தை அவனேதான் ஆரம்பித்தான். செத்தவரை மறக்காத மனுஷன் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். மெச்சுகிறவர்களிடம் அவன் பேச்சை மாற்றிவிடுவான். அந்த ஐந்து வினாடியில் அவனுக்கு ஒரு சத்தம் கேட்கும். இரும்புக் கம்பி இரும்புப் பிடிக்குள் வழுகுகிற, கிர்ர் என்கிற சின்னச் சத்தம். அது செட்டிலிருந்து வருவதில்லை.

பொங்கல் கழிந்த வாரம் வெங்கடப்பனின் மகள் சௌமியா போன் பண்ணினாள். ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அவள், இருபத்தைந்து வயது.

"சித்தப்பா, எனக்கு லைசென்ஸ் வந்திருச்சு."

"அடி சக்கை. எப்ப எழுதுன பரிச்சை? சொல்லவே இல்ல?"

"பாஸானாச் சொல்லிக்கலாம்னு இருந்தன். அப்பாவோட டவர ஏத்திரலாம் சித்தப்பா. அம்மாவும் சரின்னுட்டாங்க. ஜெபராஜ் மாமாகிட்டயும் ஹரீஷ் அண்ணங்கிட்டயும் சொல்லிட்டன். நீங்க வந்தாத்தான் ஆவும். கம்பி வேலைக்கு உங்கள உட்டா ஆள் ஏது?"

குருமூர்த்தி சரி என்றுதான் சொன்னான். வேறென்ன சொல்ல முடியும்? அவன் மனைவி மணிமேகலை அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். "நாலு வருசமாத் தூக்கத்துல பல்லக் கடிக்கறீங்க. என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்றீங்க. அங்க போயாவது அது என்னான்னு பாத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஜெபராஜின் ஆம்னியில் கிளம்பினார்கள். ஜெபராஜும் நெட்டில் ஒரு ஆள், லேத் பட்டறை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். பின்சீட்டில் கயிறும் கப்பியுமாக ஹரீஷ்குமார். தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பையன். தூக்கம் வந்தால் கன்னடத்திலும் கோபம் வந்தால் தமிழிலும் பேசுவான். சூளகிரியில் டீ குடிக்க இறங்கியபோது பனி முட்டிக்கால் உயரத்துக்கு நின்றது.

"என்னாய்யா பேயறஞ்சவனாட்டம் வர்ற?" என்றான் ஜெபராஜ். "அண்ணன் சந்தோசப்படுவாருய்யா. அவுரு ஆசப்பட்ட டவரு."

ஆசைதான் பட்டார். வெங்கடப்பனின் வீடு சுற்றிலும் கரடு என்கிற சின்னக் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் இருந்தது. கைச் செட்டைப் பிடித்துக் கத்தினாலும் குரல் கரட்டைத் தாண்டாது. அதனால் மனுஷன் தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாந்தோப்புக்குப் பின்னாலிருந்த பாறைமேல் ஏறி நின்று பேசுவார். மழை வந்தால் குடையோடு ஏறுவார். நாற்பதடிக்கு ஒரு டவர் நட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து பேசலாம் என்று பத்தடி நீளத்தில் நாலு துண்டு செய்து வாங்கினார். அதை ஏற்றும் அன்றைக்குத்தான் விழுந்தார்.

வீட்டு வாசலில் சரசம்மா நின்றிருந்தாள். வெங்கடப்பனின் மனைவி. முன்பெல்லாம் தலை படிய வாரி, கொத்துக் கனகாம்பரம் வைக்காமல் பார்க்க முடியாது. இப்போது முடி காய்ந்து செம்பட்டையாகப் பறந்துகொண்டிருந்தது. புருஷன் போன துக்கம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து குருமூர்த்தி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"வா குருமூர்த்தி. நாலு வருசமா இந்தப் பக்கமே வல்லியே" என்றாள். தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ் அவளுக்கு.

"வேலைங்க அண்ணி."

"வேலதான். யாருக்குத்தான் வேல இல்ல."

அப்போதே ஆள் வைத்துக் கழற்றி இறக்கிய டவரின் நாலு துண்டுகளும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றன. முக்கோணமாகக் கட்டிய இரும்புக் குழாய்கள். ஒவ்வொரு குழாயின் வாயிலும் துணி அடைத்திருந்தது. ஹரீஷ் ஒன்றைப் பிடுங்கினான். நீலக்கரை வேட்டியைக் கிழித்த துண்டு.

"இதென்னாத்துக்கு அடச்சி வெச்சிருக்கீங்க?"

"காத்தடிச்சா ஊதுது தம்பி. பன்னெண்டு குழாயும் ஒண்ணா ஊதும். அவுரு பாறைமேல நின்னு ரேடியோவுல பேசறாப்புலயே இருக்கும். மொத வருசம் நான் எந்திரிச்சி எந்திரிச்சி வெளிய வந்து பாப்பன். அப்புறம் அவுரு வேட்டியவே கிழிச்சி அடச்சிட்டன்."

எல்லாத் துணியையும் ஹரீஷ் உருவிப் போட்டான். குருமூர்த்தி அந்தத் துண்டுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

பழைய கான்கிரீட் மேடை அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில்தான் வெங்கடப்பனின் தலை பட்டது. அது ஆடி மாதம், பேய்க்காற்று. டவரை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்க ஸ்டே கம்பி. கிழக்கே ஜெபராஜ், தெற்கே ஹரீஷ், மேற்கே குருமூர்த்தி. கம்பியை நிலத்தில் புதைத்த வளையத்தில் நுழைத்துத் திருப்பி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து போன். ஏதோ மெஷின் நின்றுவிட்டது, டை என்கிற அச்சு எங்கே என்று கேட்டார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கிளாம்ப்பைப் போட்டான். பாரம் தாங்குகிற கம்பியின்மேல் கிளாம்ப்பின் அடிக்கட்டை உட்கார வேண்டும், சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் வாலைத்தான் யு-போல்ட் நெரிக்க வேண்டும். டூல் ரூமில் இருபது வருஷம் இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மூன்று கிளாம்ப்பையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டான், அரைகுறையாக இறுக்கினான். முப்பதடியில் வெங்கடப்பன் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாற பெல்ட்டைக் கழற்றிய நேரம், கம்பி கிர்ர் என்று ஒரு சாண் வழுகியது. டவர் ஒரே ஒரு குலுக்குக் குலுங்கியது. மேலே பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவர் கண்ணுக்கும் மனுஷன் விழுந்ததுதான் தெரிந்தது. சாயங்காலம் போலீஸ் வந்து பார்த்தபோது டவர் நேராக நின்றது, கம்பி விறைப்பாக இருந்தது. கால் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

இன்றைக்கு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. முதல் துண்டை மேடையில் போல்ட் போட்டு நிறுத்தினார்கள். ஹரீஷ் ஏணி வைத்து ஏறி, கப்பியில் கயிறு போட்டு இரண்டாவது துண்டைத் தூக்கி உட்காரவைத்தான். இருபதடி வந்தது. இனி ஸ்டே கம்பி கட்டாமல் மேலே போகக்கூடாது. தற்காலிகமாகக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். சரசம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாம்பூ வாசமும் பக்கத்துத் தோட்டத்து மருந்து வாசமும் கலந்து அடித்தது.

"மேல நான்தான் ஏறுவன்" என்றாள் சௌமியா. பெல்ட்டை மாட்டிக்கொண்டு தயாராகத்தான் நின்றாள். "மீதி ரெண்டு துண்டு என்னுது. அம்மாகிட்டச் சொல்லிட்டன்."

"சரசம்மாக்கா ஒத்துக்கிச்சா?" ஜெபராஜுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஷூ போட்டுக்கிட்டு ஏறுன்னு மட்டும் சொன்னாங்க. பத்து தரம் சொன்னாங்க."

குருமூர்த்தி சாக்கிலிருந்து பழைய ஸ்டே கம்பிகளை எடுத்து மேற்கு வளையத்தருகே போட்டான். சௌமியா வந்து பக்கத்தில் குந்தினாள். கம்பியைக் கையில் எடுத்து விரலால் நீவிப் பார்த்தாள். தினமும் ஆயிரம் சாமானைத் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற விரல்.

"சித்தப்பா, இது ஆவாது. ஒரு எடத்துல நசுங்கியிருக்குது."

"பழைய கம்பி. அப்புடித்தான் இருக்கும். அதத் தூக்கிப் போடு. ஜெபராஜ் புதுசு கொண்டாந்திருக்கான்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் கம்பியைப் போடவில்லை.

"பாரம் இழுக்கற பக்கத்துல யு-போல்ட்டோட பல்லுத் தடம் இருக்குது. மூணு தடம். அதுக்கு ஒரு சாண் தள்ளி வாலுப் பக்கம் இன்னும் மூணு. அது சரியாப் போட்ட தடம். மொதல்ல தப்பாப் போட்டுட்டு, அப்புறம் யாரோ மாத்திப் போட்டிருக்காங்க." அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பெல்ட்டின் கொக்கியைச் சரிபார்த்தாள். "சரி, புதுக் கம்பியக் கட்டுங்க. நான் ஏறிடறன்."

இந்தப் பெண் இவன் கட்டுகிற கம்பியை நம்பி ஏறப்போகிறாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ஏறாத" என்றான். "இரும்மா. ஏறாத. அது நான்தான்."

"எது?"

"தப்பாப் போட்டது. அன்னிக்கி மேக்கால கம்பி நான் கட்டுனது. வழுகிருச்சு. டவர் குலுங்கித்தான் அண்ணன் வுழுந்தாரு."

கிழக்கே ஜெபராஜ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சௌமியா கம்பியைத் திருப்பிப் பிடித்தாள்.

"அப்ப இந்த ரெண்டாவது தடம்?"

குருமூர்த்தி கம்பியை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

"எப்ப மாத்துனீங்க சித்தப்பா?"

"அவங்க ரெண்டு பேரும் அண்ணனத் தூக்கிக்கிட்டு வண்டியில போனாங்க. நீ டவரப் பாத்துக்கடான்னு ஜெபராஜ் சொன்னான். அப்ப." அவன் வளையத்திலிருந்த மண்ணைத் தட்டினான். "டவர் சாஞ்சி யாரு மேலயாவது வுழுந்துரும்னுதான் மாத்துனன். அப்புடித்தான் நெனச்சன். அப்புறம் போலீசு வந்து கேட்டப்ப சொல்ல வாய் வல்ல."

சௌமியா எழுந்து நின்று பெல்ட்டைக் கழற்றினாள். அவன் முன்னால் நீட்டினாள்.

"நீங்க ஏறுங்க. கீழ நான் கட்டறன்."

"சௌமியா..."

"ஏறிட்டு எறங்கி வந்து அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டன்."

நாற்பத்தெட்டு வயதில், வாரத்துக்கு ஒருமுறை மூட்டு வலி மாத்திரை போடுகிறவன், பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். "யோவ், உனக்கென்ன கிறுக்கா?" என்று ஜெபராஜ் கத்தினான். ஹரீஷ் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்தான். கீழே புதுக் கம்பி கட்டியானதும், இருபதடி தாண்டி மூன்றாவது துண்டு கப்பியில் ஏறி வந்தது. போல்ட்டை முடுக்கினான். உள்ளங்கை வியர்வையில் ஸ்பேனர் வழுக்கியது. நாலாவது துண்டு வந்து உட்கார்ந்தபோது அவன் நின்ற இடம் முப்பதடி. இங்கேதான் பெல்ட்டைக் கழற்றி, மூட்டைத் தாண்டி, மேலே மாட்ட வேண்டும்.

இடுப்பிலிருந்த கைச் செட்டில் சௌமியாவின் குரல் வந்தது.

"மேக்கால கம்பி இறுக்கறன். டவர் ஒருதரம் ஆடும்."

குழாய்கள் ஊதத் தொடங்கின. துணி எடுத்த உச்சி வாய்கள் மூன்றும் தனித்தனியாக முனகின. அண்ணன் பாறைமேல் நின்று பேசுவதுபோல இருக்கும் என்று சரசம்மா சொன்னது சரிதான். கிளாம்ப்பை எந்தப் பக்கம் போட்டாய் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் தனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினான். டவர் ஆடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். அந்தக் கிர்ர் சத்தத்துக்காகக் காது முழுவதும் திறந்து கிடந்தது. ஐந்து வரை எண்ணினான். சத்தம் வரவில்லை. மூட்டைத் தாண்டிக் கொக்கியை மாட்டியபோது அவன் பல்லெல்லாம் கூசியது.

ஆன்டெனாவைப் பொருத்திக் கேபிளைக் கீழே விட்டு அவன் இறங்கும்போது மணி இரண்டரை. சௌமியா முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பிச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள்.

களியும் அவரைக்கொட்டைச் சாறும் செய்திருந்தாள் சரசம்மா. சாறு தாளிக்காமல் வெறுமனே இருந்தது. ஜெபராஜ் ஒரு உருண்டையை விழுங்கிவிட்டு, "அக்கா, கொஞ்சம் கடுகு பொரிச்சிக் கொட்டியிருந்தா..." என்றவன், சௌமியா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். குருமூர்த்தி தட்டில் கை வைக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் கால் வழுக்கி வுழல."

சரசம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"நான் கட்டுன கம்பிதான் வழுகுச்சு. தப்பாக் கட்டிட்டன். டவரு குலுங்கி அவுரு வுழுந்தாரு. யாரும் பாக்கறதுக்குள்ள மாத்திக் கட்டிட்டன்."

"டேய்" என்றான் ஜெபராஜ்.

சரசம்மா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கால் வழுக்கலியா?"

"இல்ல அண்ணி."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"கம்பி வழுகுனத என் கண்ணால பாத்தன். கால் நல்லா ஊனித்தான் நின்னாரு."

"சத்தியமா வழுக்கலியா?"

மூன்று தரம் கேட்டுவிட்டாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கிக் காலையில அவுருக்குப் பித்தவெடிப்பு வலிக்குதுன்னாரு. ரெண்டு காலுக்கும் வெளக்கெண்ணெ தேச்சி வுட்டன். செருப்பக் கழட்டிட்டு ஏறுவாருன்னு எனக்குத் தெரியாது." கையைப் புடவையில் துடைத்தாள். "கால் வழுக்குச்சான்னு போலீசு கேட்டப்ப ஆமான்னு நீதான சொன்ன? நான் கொட்டகைக் கம்பத்த ஒட்டிக் கேட்டுக்கிட்டுத்தான நின்னன்? அன்னியிலேர்ந்து இந்தக் கையால எண்ணெ தொடல குருமூர்த்தி. தலைக்கு வெக்கல. தாளிக்கல. சாமிக்கு வெளக்குக்கூட இவதான் ஊத்துவா. என் கைதான் அவுரக் கொன்னுச்சுன்னு நான் இருந்தன்."

சௌமியா அம்மாவையே பார்த்தாள். அவளுக்கும் இந்தக் காரணம் இன்றைக்குத்தான் தெரிகிறது என்பது முகத்தில் இருந்தது.

"தப்பு யாருக்கும் வரும். கம்பி கட்டறவனுக்கு வராதா? அத நான் பொறுத்துக்குவன்" என்றாள் சரசம்மா. "வந்து சொல்றதுக்கு நாலு வருசமா உனக்கு வாயில்லியா? தெனம் காலையில அவுரு பேரச் சொல்லிக் கூப்புடறியாமே. அதுக்கு மட்டும் வாய் இருந்துச்சா?"

எழுந்து உள்ளே போனாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. திரும்பும் வழியில் ஜெபராஜ், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஓசூர் வரை ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டினான்.

தான் செய்தது என்ன என்று குருமூர்த்திக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பி அரை நிமிஷக் கவனக்குறைவு. மீதி நாலு வருஷமும் அவன் தெரிந்தே செய்தது. தன் பாரத்தை யாரும் இல்லாத காற்றில் இறக்கி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். அது வேப்பனப்பள்ளியில் ஒரு பொம்பளையின் கையில் போய் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை செட்டைப் போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மணிமேகலை காபியை வைத்துவிட்டு, "ஆளுங்க காத்திட்டிருப்பாங்க" என்றாள். பட்டியலை எடுத்தான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஜெபராஜ் தன் எழுத்துகளைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டான். ஏழாவது பெயர் வந்தது. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விக்டர் டாங்கோ பாப்பா."

பட்டனை விட்டான். ஒன்று. இரண்டு.

மூன்றாவது வினாடியில் செட்டின் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ அந்தப் பக்கம் பட்டனை அழுத்தியிருந்தார்கள். மூச்சு கேட்டது. "இதப் புடிச்சிக்கிட்டே பேசும்மா" என்று தூரத்தில் சௌமியா சொல்வது கேட்டது. அந்தப் பள்ளத்து வீட்டிலிருந்து கரட்டைத் தாண்டி வருகிற முதல் குரல்.

"குருமூர்த்தி. நான் சரசம்மா பேசறன். அவுரு இல்ல. நாலு வருசமாவே இல்ல. இனிமே அந்தப் பேரக் கூப்புடாத. கேக்க எனக்கு ஆவல."

பட்டனை விடவில்லை அவள். அவளுக்குப் பின்னால் படபடவென்று ஏதோ இரைச்சல். புது ஆன்டெனாவில் எங்கேயோ இணைப்பு சரியில்லை, மேலே நான் முடுக்கியதுதான் லூஸ் என்று முதலில் பதறினான். இருபது வருஷமாக இரைச்சலைக் கேட்டே கோளாறு கண்டுபிடிக்கிறவனுக்கு இது பிடிபட ஒரு கணம் ஆனது. அது கோளாறு இல்லை. அடுப்பில், எண்ணெயில், கடுகு வெடிக்கிறது.

"அடுத்த ஆளக் கூப்புடு" என்றாள் சரசம்மா.